கொச்சுவேளி ஆலையும் வெட்டுகாட்டு மணலும்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இன்னமும் கொச்சுவேளியில் இறங்குவதாகத்தான் சொல்கிறார்கள். நிலையத்தின் பெயர் 2024-இல் ‘திருவனந்தபுரம் வடக்கு’ என்று மாறிவிட்டது. பலகை மாறிய வேகத்தில் நாக்கு மாறவில்லை. அங்கிருந்து கடலைப் பார்த்துப் போனால் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலையின் மதில் வரும். மதிலைத் தாண்டிக் கடலோரமாகத் தெற்கே திரும்பினால் வெட்டுகாடு. கிறிஸ்து அரசர் சொரூபத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் குமரி மாவட்டத்துத் தமிழர்களும் கூடுகிற மாதா தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. ஆலைக்கும் தேவாலயத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை நடந்தே கடந்துவிடலாம். திருவனந்தபுரத்தில் ஒரு கால்பந்து ஃபார்வர்டின் வாழ்க்கை அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று கேட்டால், இந்தச் சின்னத் தூரத்தைத்தான் நான் காட்டுவேன்.

ஆலை 1946-இல் நிறுவப்பட்டது. கடற்கரைக் கருமணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டையாக்சைடு என்ற வெண்பொடியை எடுப்பது அதன் தொழில். சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் வெண்மை தருவது அந்தப் பொடி. வெளியூர்க்காரர்களுக்கு ஆலையின் பெயர் தெரிந்ததோ பொடியால் அல்ல, பந்தால். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கேரளத்தில் டைட்டானியம் என்றால் முதலில் ஓர் அணி, பிறகுதான் ஓர் ஆலை.

அந்த அணியின் ஃபார்வர்டு நஜிமுதீன் கொல்லத்துக்காரர். 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வென்று கேரளம் முதன்முறையாக, மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியைத் தூக்கியது. மூன்று கோல்களையும் அடித்தவர் கேப்டன் டி.கே.எஸ். மணி. அந்த அணியில் நஜிமுதீனும் இருந்தார். அதன்பின் அவரை யாரும் வெறும் நஜிமுதீன் என்று சொன்னதில்லை, டைட்டானியம் நஜிமுதீன்தான். நம் பக்கம் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வதுபோல அவருக்கு ஆலையின் பெயர் ஒட்டிக்கொண்டது. கோல் அடித்த நாளிலும் அடிக்காத நாளிலும் அது உதிரவில்லை.

அன்றைய ஏற்பாடு எளிமையானது. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஒரு வேலை கிடைக்கும். ஆலை, வங்கி, மின்வாரியம், காவல் துறை, ஏஜிஸ் எனப்படும் தலைமைக் கணக்காயர் அலுவலகம் என்று ஏதோ ஒரு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறும். காலையில் பயிற்சி, பிறகு வேலை, போட்டி வந்தால் சம்பளத்தோடு விடுப்பு. முப்பது வயதுக்கு மேல் கால் தளர்ந்தால், பந்துக்குப் பதில் கோப்பு. இடையில் கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என எல்லாம் அந்தப் பதிவேட்டை நம்பியே நடக்கும். ஒரு மாதம் முழுக்கக் கோல் அடிக்கவில்லை என்றாலும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் உச்சம் காவல் துறை அணி. 1984-இல் தொடங்கிய அந்த அணிக்குத் தலைநகரின் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் சொந்த முற்றம் மாதிரி. வி.பி. சத்யன், ஷராஃபலி, பாப்பச்சன், குரிகேஷ் மாத்யூ என்று வரிசையாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1987-இல் திரிச்சூரிலிருந்து ஒரு பையன் வந்தான். அங்கே நகராட்சி மைதானத்தில் கேலரிக்காரர்களுக்குச் சோடா விற்றவன். பெயர் ஐ.எம். விஜயன். 1990-இல் திரிச்சூரிலும் 1991-இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை அந்த அணி அடுத்தடுத்து வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் கோவாவின் பெரிய கிளப்புகளும் ஆடிய போட்டியில், சம்பளப் பட்டியலில் கான்ஸ்டபிள் என்றிருந்தவர்கள் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அன்று கிடைத்த பெரிய வசதி இதுதான். நாட்டின் மிகச் சிறந்த ஃபார்வர்டுகளில் சிலர் அவர்களுடைய ஊரிலேயே குடியிருந்தார்கள். சாலையில் சைக்கிளில் எதிரே வருபவர் நேற்று மாலை கேலரியிலிருந்து பார்த்தவராக இருப்பார். 1986-இலும் 1991-இலும் நேரு கோப்பை இந்த நகரத்துக்கு வந்தது. முதல் முறை சோவியத் யூனியன் வென்றது, இரண்டாம் முறை ருமேனியா வென்றது. இன்று அந்தச் சோவியத் நாடே இல்லை. ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் தேநீர்க் கடையில் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

அந்தக் காலத்தை முழுக்கப் பொன்னாக்கிச் சொல்வதும் சரியாகாது. துறை அணியில் இடங்கள் மிகக் குறைவு. இருபது பேருக்கு வேலை கிடைத்தால், அதே அளவு திறமையோடு வெளியே நின்ற இருநூறு பேர் வலை இழுக்கவோ வளைகுடாவுக்கு விமானம் ஏறவோ போனார்கள். உள்ளே வந்தவனுக்கும் எல்லை ஒன்று இருந்தது. விஜயனே 1991-இல் மோகன் பகானுக்குப் போனார். ஒரு ஃபார்வர்டு தன் அளவைத் தெரிந்துகொள்ள அன்று கல்கத்தாவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. சத்யன் காவல் துறையை விட்டுச் சென்னையில் இந்தியன் வங்கிக்கு வந்தார். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 1992-இல் கோயம்புத்தூரில் கேரளத்துக்குச் சந்தோஷ் டிராபியை வாங்கித் தந்த கேப்டன். வங்கி வேலை கையில் இருக்கும்போதே, 2006 ஜூலையில், சென்னையில் அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். மாதச் சம்பளத்தால் எட்டிப் பிடிக்க முடியாத துயரமும் உண்டு.

இனி வெட்டுகாட்டுப் பக்கம் நடப்போம்.

கரைமடி இழுத்து முடிந்து, மீன் கூறு போட்டு, பெண்கள் கூடையோடு கிளம்பிய பிறகு, வெயில் சாயும் நேரத்தில் மணல் பையன்களின் கைக்கு வரும். இரண்டு துடுப்புகளை நட்டால் ஒரு கோல். வள்ளத்தின் நிழல் விழுகிற இடம் ஒரு பக்கத்து எல்லை, அலை நனைக்கிற இடம் மறு பக்கத்து எல்லை. செருப்புகூடக் கிடையாது. உலர்ந்த மணலில் பந்து உருளாது, இரண்டடி போய் நின்றுவிடும். அதனால் தரையில் தள்ளிக் கொடுக்கும் பாஸை அங்கே யாரும் நம்புவதில்லை, பந்தைக் காற்றிலேயே வைத்திருக்கப் பழகுகிறார்கள். நெஞ்சில் வாங்கி, தொடையில் தட்டி, கீழே விழுமுன் அடிக்க வேண்டும். கால் புதைவதால் ஓட்டம் சின்னச் சின்ன எட்டுகளாகும், கெண்டைக்கால் கல்லாகும். முக்கியமான ஒன்று, மணலில் விழுந்தால் வலிக்காது. முதுகைத் தரைக்குக் கொடுத்து, காலைத் தலைக்கு மேல் வீசிப் பந்தை அடிக்கும் அந்த அடியை மலையாளிகள் ‘சிசர் கட்’ என்பார்கள். புல் மைதானத்தில் பழகினால் தோள்பட்டை பெயரும். கடற்கரைப் பையன் நூறு முறை விழுந்து பழகிவிட்டு, எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நிற்பான்.

1993 நவம்பரில் பிறந்த ஜோபி ஜஸ்டின் இந்த மணலுக்குச் சொந்தக்காரர். முதலில் அவரும் பழைய வழியிலேயே நடந்தார். மின்வாரிய அணிக்கு ஆடினார், கேரளத்துக்காகச் சந்தோஷ் டிராபி ஆடினார். முப்பது ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் கதை அங்கேயே நிலைபெற்று, ‘மின்வாரியம் ஜோபி’ என்று ஒரு பெயரும் ஒட்டியிருக்கக்கூடும். ஆனால் 2017-இல் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குக் கிளம்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று, பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்து தன் பெயரை இழந்திருந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரே ஆண்டின் இரு செய்திகளாக அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2018 டிசம்பர் 16. சால்ட் லேக் ஸ்டேடியம், ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன்னால், ஆட்டம் 1–1 என்றிருந்தபோது, பந்து உயரமாக வந்தது. ஜோபி தலைக்கு மேல் காலை வீசினார், பந்து வலைக்குள் போனது. கல்கத்தாப் பத்திரிகைகள் அதை வியந்து எழுதின. வெட்டுகாட்டுக்காரர்களுக்கு அதில் வியப்பு குறைவாகவும் உரிமை அதிகமாகவும் இருந்திருக்கும். ஆட்டம் 3–2 என்று முடிந்தது. 2019 ஜனவரி 27 அன்று நடந்த மறு ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 2–0 என்று வென்றபோதும் ஒரு கோல் அவருடையது. அந்த ஐ-லீக் பருவத்தில் அவர் அடித்தவை 9 கோல்கள். இந்திய ஆட்டக்காரர்களில் அதுவே அதிகம்.

ஆனால் பட்டியலின் உச்சியில் ஆளுக்கு 21 கோல்களோடு இரண்டு வெளிநாட்டவர் நின்றார்கள். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணியின் பெத்ரோ மான்சியும் சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும். அந்த 9-க்கும் 21-க்கும் இடையில்தான் இன்றைய இந்திய ஃபார்வர்டின் நிலைமை இருக்கிறது. அன்று டைட்டானியத்தின் சென்டர் ஃபார்வர்டு இடத்துக்குப் போட்டியிட்டவர்கள் கொல்லத்துக்காரரும் கோழிக்கோட்டுக்காரரும். இன்று உருகுவேக்காரரோடும் டிரினிடாட்காரரோடும் போட்டியிட வேண்டும். அன்று இரண்டு ஃபார்வர்டுகளும் இரு ஓரங்களில் லெஃப்ட் அவுட், ரைட் அவுட்டும் இருந்தார்கள். இன்று பெரும்பாலான அணிகளில் முன்னால் நிற்பது ஒருவர்தான், அந்த ஒருவரும் பெரும்பாலும் வெளிநாட்டவர்தான்.

அந்தப் பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளியில் சென்னை சிட்டியிடம் பட்டத்தை விட்டது. 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டத்தில் ஜோபி இல்லை. ஐஸ்வால் அணியின் தடுப்பாட்டக்காரரோடு ஒருவர் மேல் ஒருவர் துப்பிக்கொண்ட விவகாரத்தில் இருவருக்கும் ஆறு ஆட்டத் தடை விழுந்திருந்தது. அன்றைய மைதானங்களிலும் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை கேலரி பார்த்தது, நடுவர் பார்த்தால் பார்த்தார், அடுத்த வாரம் மறந்துபோனது. இன்று கேமரா எதையும் மறப்பதில்லை.

ஆனாலும் அந்த ஒரு பருவம் அவருக்குக் கதவுகளைத் திறந்தது. கிங்ஸ் கோப்பைக்கான தேசிய முகாமுக்கு அழைக்கப்பட்ட 37 பேரில் ஒருவரானார். ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீகில் கல்கத்தாவின் ஏ.டி.கே. அணி அவரை எடுத்துக்கொண்டது. அதே பருவத்தில் அந்த அணிக்கு மைக்கேல் சூசைராஜும் வந்தார், குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர். பொழியூரில் கேரளம் முடிந்து நீரோடியில் தமிழ்நாடு தொடங்குகிறது என்பது வரைபடத்துக்குத்தான் தெரியும். மணலுக்கும் வலைக்கும் பந்துக்கும் அந்த எல்லை இல்லை. பொழியூரும் தூத்தூரும் சின்னத்துறையும் தத்தம் மாநில அணிகளுக்குத் தலைமுறையாக ஆட்களை அனுப்பிவரும் ஊர்கள். ஒரே கரையின் இரண்டு பையன்கள் கல்கத்தாவில் ஒரே ஜெர்சிக்குள் சந்தித்தார்கள். 2020 மார்ச் 14 அன்று கோவாவில், கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில், சென்னையின் எஃப்.சி. அணியை 3–1 என்று வென்று அந்த அணி பட்டம் பெற்றது. கோப்பையை உயர்த்தும்போது எதிரே காலி நாற்காலிகள். அந்த ஆண்டு முடிவதற்குள் இருவருக்குமே முழங்காலில் காயம்.

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டுக்குள் இரண்டு எலும்புகளைக் கட்டி நிறுத்தும் ஒரு தசைநார், ஓடும்போது சட்டென்று திரும்பினால் அறுந்துபோகும். அன்று அதற்குப் பெயர்கூடத் தெரியாது. ‘முட்டு போச்சு’ என்பார்கள். எண்ணெய் தடவிக் கட்டுப் போடுவார்கள், வீக்கம் வடியும், ஆட்டம் மட்டும் திரும்பாது. ஆனால் அவனுக்குத் திரும்பிப் போக ஆலை இருந்தது, மேசை இருந்தது. இன்று சிறு துளை வழியே வேறொரு தசைநாரை எடுத்து வைத்துத் தைக்கிறார்கள், ஒன்பது மாதத்தில் ஓட வைக்கிறார்கள். ஜோபியும் ஓடினார். அடுத்து சென்னையின் எஃப்.சி.க்கு ஆடினார், பிறகு வங்காளத்தில் 2022-இல் பிறந்த டயமண்ட் ஹார்பர் என்ற புது அணிக்குப் போனார். அன்று முழங்கால் போனால் ஆட்டம் முடிந்தது, வேலை நிலைத்தது. இன்று முழங்கால் மீள்கிறது, ஆனால் அந்த ஒன்பது மாதமும் ஒப்பந்தத்தின் நாட்களைத் தின்றபடியே மீள்கிறது.

பயணமும் அப்படித்தான். அன்று கல்கத்தாவுக்கு ஒப்பந்தமானவன் இரண்டு இரவுகளை ரயிலில் கழித்தான். வழியில் விசாகப்பட்டினத்தில் விடிந்தது, ஊரிலிருந்து கட்டிக்கொண்டுபோன சோறு தீர்ந்தது. வீட்டுக்குக் கடிதம் போய்ச்சேர ஒரு வாரம். இன்று வெட்டுகாட்டிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம், சங்குமுகம் கடற்கரையை ஒட்டியே ஓடுபாதை. காலையில் கிளம்பினால் மாலைப் பயிற்சிக்கு அங்கே இருக்கலாம். அம்மா அலைபேசியில் ஆட்டத்தை நேரடியாகப் பார்க்கலாம். தூரம் குறைந்துவிட்டது. ஆனால் மகன் ஊரில் இருக்கிற நாட்களும் குறைந்துவிட்டன.

2025-ஆம் ஆண்டு இந்த இரண்டு காலங்களையும் ஒரே நாள்காட்டியில் வைத்தது. ஜனவரியில் விஜயனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில், 38 ஆண்டுச் சேவைக்குப் பின், மலபார் சிறப்புக் காவல் படையிலிருந்து துணை கமாண்டண்டாக ஓய்வு பெற்றார். நடுவே மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின் என்று எங்கெங்கோ ஆடினார். ‘திமிரு’ போன்ற தமிழ்ப் படங்களில்கூட நடித்தார். எங்கே போனாலும் கடைசியில் திரும்பி வர ஒரு சீருடை அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூலையில் ஐ.எஸ்.எல். அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தது. லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்க வழி தெரியவில்லை என்பது காரணம். ஆகஸ்டில் பெங்களூரு கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது, சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. நாட்டின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே ஆகஸ்டின் 20-ஆம் தேதி டூரண்ட் கோப்பை அரையிறுதியில், அதே சால்ட் லேக்கில், ஈஸ்ட் பெங்காலை டயமண்ட் ஹார்பர் 2–1 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் வந்த அந்த இரண்டாவது கோலை அடித்தவர் ஜோபி ஜஸ்டின். அப்போது அவருக்கு வயது 31. தன்னை உலகுக்குக் காட்டிய அணிக்கு எதிராகவே அடித்தார். இறுதி ஆட்டத்தில் அவர் அணி 6–1 என்று நார்த்ஈஸ்ட் யுனைட்டெடிடம் தோற்றது. டைட்டானியம் நஜிமுதீனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே முன்பெயர். ஜோபி ஜெர்சிகளை மாற்றி மாற்றி அணிந்தவர், அவருக்கு முன்பெயர் என்று எதுவும் ஒட்டவில்லை.

ஊரின் நிலை தலைகீழாகிவிட்டது. அன்று கொல்லத்திலிருந்தும் திரிச்சூரிலிருந்தும் வேலை கொடுத்து ஃபார்வர்டுகளை வரவழைத்த நகரம், இன்று தன் கரையில் பிறந்தவனைத் தொலைக்காட்சியில் பார்க்கிறது. 2024 செப்டம்பரில் கேரள சூப்பர் லீக் தொடங்கியபோது சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்கு மறுபடி விளக்கும் கூட்டமும் வந்தன. ‘திருவனந்தபுரம் கொம்பன்ஸ்’ என்று ஊருக்கே ஓர் அணி கிடைத்தது. முதல் பருவத்தில் பயிற்சியாளர் பிரேசில்காரர், கேப்டன் பாட்ரிக் மோட்டாவும் பிரேசில்காரர். அரையிறுதியில் காலிக்கட் அணியிடம் 2–1 என்று தோற்றார்கள். கூட்டம் மகிழ்ச்சியாகத்தான் கத்தியது. காவல் துறை முற்றமாக இருந்த இடத்தில் டிக்கெட், பாட்டு, வண்ணத் துண்டு எல்லாம் வந்துவிட்டன. நகரத்தின் வடக்கே காரியவட்டத்தில் 2015 தேசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய பெரிய ஸ்டேடியத்தில், 2016 ஜனவரி 3 அன்று ஆப்கானிஸ்தானை 2–1 என்று வென்று இந்தியா தெற்காசியக் கோப்பையை எடுத்தது. அதன்பின் அங்கே கால்பந்தைவிடக் கிரிக்கெட்டே அதிகம்.

கரையும் அன்றிருந்த கரையல்ல. சங்குமுகத்தில் கடல் சாலையையே அரித்துத் தின்றது. வலியதுறையின் பழைய கடற்பாலத்தில் ஒரு பகுதி 2024-இல் இடிந்து விழுந்தது. விழிஞ்ஞம் துறைமுகம்தான் காரணம் என்று மீனவர்கள் சொல்கிறார்கள், அரசு மறுக்கிறது. 2021 பிப்ரவரியில் டைட்டானியம் ஆலையின் எண்ணெய் கசிந்து வேளி முதல் சங்குமுகம் வரை மணலைக் கறுப்பாக்கியது. ஒரு காலத்தில் பந்துக்கு வீடு கொடுத்த ஆலை இந்த மணலுக்குக் கொடுத்ததையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மாலையில் வெட்டுகாட்டுக் கரையில் நின்றால் இன்றும் துடுப்பு நட்ட கோலைப் பார்க்கலாம். பையன்களின் முதுகில் மெஸ்ஸி இருக்கிறார், நெய்மர் இருக்கிறார், மஞ்சள் கேரள பிளாஸ்டர்ஸ் சட்டை இருக்கிறது. வடக்கே ஆலைப் புகைபோக்கி தெரிகிறது. இந்த வயதில் அவர்களுடைய தாத்தாக்கள் அந்தப் புகைபோக்கியைப் பார்த்து, நன்றாக ஆடினால் அங்கே ஒரு வேலை என்று நினைத்திருப்பார்கள். பேரன்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. தெற்கே, ஓடுபாதையிலிருந்து எழும்பும் விமானம் தலைக்கு மேல் இரைச்சலோடு போகும்போது மட்டும் ஆட்டம் ஒரு கணம் நிற்கிறது. கோல்கீப்பர் அண்ணாந்து பார்க்கிறான். அந்த இடைவெளியில் எவனோ ஒருவன் முதுகை மணலுக்குக் கொடுத்துக் காலை வீசுகிறான். பந்து துடுப்புகளுக்கு நடுவே போய் அலையில் விழுகிறது. எடுத்து வர ஒருவன் ஓடுகிறான்.